ஈறு வற்றும் வரை

ஜூன் 3, புதன்

இன்று மேல்வரிசைக் கம்பியை மாற்றி முறுக்கிவிட்டார் பல் டாக்டர் ஷெர்லின். முன்பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வலிக்கிறது. மத்தியானம் அத்தை இரண்டு இட்லியைப் பாலில் பிசைந்து, குழந்தைக்குக் கொடுப்பதுபோல் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். மாமியார் பிசைந்து தர மருமகள் சாப்பிடுவது பாளையங்கோட்டையில் இந்த ஒரு வீட்டில்தான் இருக்கும்.

கம்பி போட்டது என் ஆசைதான். கல்யாணத்துக்கு முன் எடுத்த ஒரு போட்டோவிலும் நான் பல் தெரியச் சிரித்ததில்லை. கல்யாணமான மறுமாதமே இவர் அதைக் கவனித்துவிட்டார். "உனக்கு வேணும்னா கம்பி போட்டுக்கிடலாம். எனக்கு வேணும்னு இல்ல. இப்பவே நல்லாத்தான் இருக்க," என்றார். அவர் பெயர் ஆவுடையப்பன். டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் பகுதியைப் பார்த்துக்கொள்கிறார். எந்த வண்டியில் என்ன சத்தம் வந்தாலும் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவார்.

பல்வலி ரெண்டு நாளில் பழகிவிடும். ஈறுதான் கவலையாக இருக்கிறது. கீழ்ப்பற்களுக்கு நடுவே திரண்டு கம்பியின் மேல் ஏறிக்கொண்டு வருகிறது. பிரஷ் பட்டால் ரத்தம்.

ஜூன் 5, வெள்ளி

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை, மாலை, சாப்பிட்ட பிறகெல்லாம் கொப்பளிக்கிறேன். மிருதுவான பிரஷ். கம்பிக்கு அடியில் நுழைக்க பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி ஒன்று. கன்னத்தில் உரசும் இடத்துக்கு மெழுகு. அத்தை கிராம்புத் தைலம் கொண்டுவந்தார். நேரடியாகப் பூசினால் ஈறு வெந்துபோகும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வேண்டாம் என்றேன். கோபித்துக்கொள்ளாமல் கொய்யா இலையைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத் தந்தார். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றித் தாடையில் வைத்தால் கொஞ்சநேரம் மரத்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் யுகேஜி பிள்ளைகள் என் வாயையே பார்க்கிறார்கள். ஒருத்தி, "மிஸ், ஒங்க பல்லுக்குக் கேட் போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள்.

ஜூன் 9, செவ்வாய்

இவர் ஸ்கூட்டர் வாங்கி வந்துவிட்டார். பச்சை நிறம். பள்ளிக்கூடத்துக்கு நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகக்கூடாதாம். அத்தைக்குத்தான் என்னைவிடச் சந்தோஷம். இருட்டுக்கடைப் பக்கம் அல்வா வாங்கப் போகவும் வெள்ளிக்கிழமை காந்திமதி அம்மன் சன்னதிக்குப் போகவும் இனி மகனைக் கெஞ்ச வேண்டாம், மருமகள் கூட்டிப்போவாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்.

எனக்கு வண்டி என்றாலே பயம் என்றேன். பயம் ஒரு வாரத்தில் போய்விடும் என்றார்.

ஜூன் 14, ஞாயிறு

காலையில் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். பின்னால் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். மூன்று சுற்று. நான் நன்றாக ஓட்டுகிறேனாம். கையே நடுங்கவில்லையாம்.

மதுரை டாக்டர் வண்டியைப் பற்றிச் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. அதை எழுத வேண்டாம்.

ஜூன் 17, புதன்

இன்று கேரட்டைத் துருவி வேகவைத்துச் சாப்பிட்டேன். அதிலும் ரத்தம்.

ஜூன் 20, சனி

கம்பி முறுக்கும் நாள் இல்லை. ஈறைக் காட்டுவதற்காகப் போனோம். இவரும் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் ஷெர்லின் கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒழுங்காகத்தானே சுத்தம் செய்கிறாய், பிறகு ஏன் இப்படி வளர்கிறது என்றார். இது வெறும் வீக்கம் இல்லையாம். ஈறே தடித்துப் பற்களை மூடிக்கொண்டு வருகிறதாம். இப்படியே போனால் கம்பியைக் கழற்ற வேண்டியிருக்கும், கூடுதல் ஈறை வெட்டி எடுக்க வேண்டியும் வரலாம் என்றார்.

பிறகு கேட்டார். "நீங்க வேற ஏதாவது மாத்திரை ரெகுலரா எடுக்கிறீங்களாம்மா? சில மாத்திரைக்கு ஈறு இப்படி வளரும். பிரஷர் மாத்திரை, ஃபிட்ஸ் மாத்திரை, அந்த மாதிரி."

"இல்ல டாக்டர்," என்றேன்.

முதல் நாளும் இதையே கேட்டார். அன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். அன்று பக்கத்தில் யாரும் இல்லாததால் சுலபமாக வந்தது. இன்று இவர் சிரித்துக்கொண்டே, "தலவலிக்கே மாத்திரை போட மாட்டா டாக்டர்," என்றார். டாக்டர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைக் கழுவுவதற்காகக் குனிந்துகொண்டேன்.

ஜூன் 21, ஞாயிறு

மைதானத்தில் இன்று அவர் கீழே நின்றுகொண்டார். தனியாக ஓட்டினேன்.

வந்து மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கோவில்பட்டிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். மாத்திரையால்தான் ஈறு இப்படி ஆகிறது, போனிலும் தேடிப் பார்த்தேன், டாக்டரிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். பல் டாக்டரிடம் சொன்னால் அது அவள் வாயிலிருந்து மாப்பிள்ளை காதுக்குப் போக எத்தனை நேரமாகும் என்று அம்மா திருப்பிக் கேட்டாள். இவருக்கு முன் எனக்குப் பேசிய விளாத்திகுளத்து மாப்பிள்ளை வீட்டை ஞாபகப்படுத்தினாள். நான் மறந்தால்தானே. அவர்களிடம் உண்மையைச் சொன்னோம். பூ வைத்துவிட்டுப் போனவர்கள் மறுநாள் தாம்பாளத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அப்பா அதற்குப் பிறகு அந்த ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறவில்லை.

"ரெண்டு வருஷமா வரலல்லா. வராததப் போயி எதுக்குட்டி சொல்லணும்?" என்றாள் அம்மா.

எழுதிவிடுகிறேன். இந்த டைரியில்கூட அந்தப் பெயரை நான் எழுதியதில்லை. வலிப்பு. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடப் பிரேயரில் முதலில் வந்தது. அப்போதிருந்து மதுரை டாக்டரிடம்தான் மாத்திரை. மாத்திரை அட்டையை நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் அதை யாரும் திறக்க மாட்டார்கள். சாப்பிட்டதும் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறேன் என்று குளியலறைக்குள் போய் அதையும் விழுங்கிவிடுவேன். ஈறு வீங்கியதில் ஒரு சௌகரியம், கதவைச் சாத்த ஒரு காரணம் கிடைத்தது.

ஜூன் 24, புதன்

வராத ஒன்றுக்கு எதற்கு முழு மாத்திரை? பாதியாக உடைத்துப் போட்டேன். பாதி போதுமென்றுதான் தோன்றுகிறது. ஈறு வற்றும் வரை மட்டும்.

ஜூன் 25, வியாழன்

முருங்கைக்கீரை உருவினேன். இவருடைய சட்டைகளுக்கு இஸ்திரி. ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

ஆனித் தேருக்கு டவுனில் கூட்டம். இவரும் அத்தையும் போய் வந்தார்கள். நான் வலி என்று படுத்துக்கொண்டேன். உண்மையில் வலி குறைவு. கூட்டத்தில் நிற்கத்தான் பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 2, வியாழன்

ஈறு வற்றியிருக்கிறது. கண்ணாடியில் நன்றாகத் தெரிகிறது, கம்பியைத் தாங்கக் கீழ்ப்பல்லில் ஒட்டிய சதுரங்களில் இரண்டு வெளியே வந்துவிட்டன. பிரஷ் பண்ணினால் ரத்தம் இல்லை. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கொய்யா இலைதான் கேட்டிருக்கிறது என்று அத்தையிடம் போய்ச் சொன்னார். அத்தை இன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றிலிருந்து பாதியும் வேண்டாம்.

ஜூலை 5, ஞாயிறு

வண்ணாரப்பேட்டை வழியாகப் பாலத்தைத் தாண்டி டவுன் வரை நானே ஓட்டினேன். இவர் பின்னால். வெயில் இல்லை, சாரல் காற்று. ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நன்றாக இருந்தது. எல்லோரும் செய்யும் ஒரு காரியத்தை நானும் செய்கிறேன் என்று இருந்தது.

சரியாகத் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் இடதுகைக் கட்டைவிரல் அவ்வப்போது துடிக்கிறது போலிருக்கிறது.

ஜூலை 8, புதன்

வகுப்பில் "மி" எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் பிள்ளைகளெல்லாம் அமைதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாக்பீஸ் கீழே கிடக்கிறது. என் பல்லைக் கேட் என்று சொன்ன அதே பெண், "மிஸ், நாங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம். நீங்க செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க," என்றாள்.

யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன். யோசித்திருக்கலாம்.

மாத்திரையை மறுபடி தொடங்கலாமா என்று பாக்கெட்டை எடுத்தேன். அடுத்த வாரம் டாக்டர் ஷெர்லினிடம் போக வேண்டும். அவர் பார்த்து ஈறு சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அதற்குப் பிறகு கேள்வியே கிடையாது. வைத்துவிட்டேன்.

ஜூலை 11, சனி

நேற்று எழுத முடியவில்லை. நாக்கு ஓரத்தில் காயம். உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் இருக்கிறது. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. இவர் வேலைக்குப் போன பிறகு அத்தை பட்டுக்கரை சேலை கட்டி, அர்ச்சனைக் கூடையோடு வாசலில் வந்து நின்றார். அம்மன் சன்னதிக்கு வண்டியில் போகலாம் என்றார். ஆட்டோவில் போவோம் என்றேன். "ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன் ஏளா," என்றார். அவர் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. சாவியை எடுத்தேன்.

அவர் ஒருபக்கமாக உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தெருமுனை வரை போனோம். முனையில் மெயின் ரோடு. பஸ்ஸும் லாரியுமாகப் போகும். திரும்புவதற்காக நிற்கும்போது கட்டைவிரல் துடிக்கத் தொடங்கியது. ஹாரனிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தேன். அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ரப்பர் கருகுவதுபோல ஒரு வாசம். இந்த வாசத்தை எனக்குத் தெரியும்.

இஞ்சினை அணைத்தேன். "அத்தை, எறங்குங்க," என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். "எறங்குங்க அத்தை, எறங்குங்க," என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஸ்டாண்டு போட்டேனா என்று ஞாபகமில்லை.

கண்விழித்தபோது பால் பூத்து வாசலில் கிடந்தேன். தலை அத்தை மடியில். பட்டுக்கரையில் ரத்தமும் எச்சிலும். பூத்துக்காரர் என் கையில் இரும்புச் சாவியைத் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்திருந்தார். அத்தை அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, சேலையை மாற்றிவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன். பதின்மூன்று வயதிலிருந்து, மாத்திரை, ஈறு, நிறுத்தியது, எல்லாம். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். முடித்ததும், "நான் பின்னால இருந்தேன்," என்றார். அவர் கையைப் பிடிக்கப் போனேன். பிடிக்கவிட்டார்.

சாயங்காலம் இவர் வரும் நேரம். அத்தை கதவோரம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "ஆவுடைட்ட சொல்லாத. வெயில்ல மயங்கி விழுந்துட்டான்னு நான் சொல்லிக்கிடுதேன். ஆம்பள மனசு இன்னைக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். மாத்திரைய நான் எடுத்துத் தாரேன், யாருக்கும் தெரியாம."

அம்மா பேசியதுபோலவே இருந்தது. இரண்டு பேரும் என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

இவர் வந்தார். மயக்கம் என்று அத்தை சொன்னார். கம்பியால் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று இவரே முடிவுசெய்து, கம்பி போடச் சொன்னது என் தப்பு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 12, ஞாயிறு

காலையில் இளநீர் வாங்கி வந்தார். வழுக்கையை ஸ்பூனால் சுரண்டி, மெல்ல வேண்டாம் அப்படியே விழுங்கு என்று கொடுத்தார். இரண்டு ஸ்பூன் விழுங்கினேன். மூன்றாவது இறங்கவில்லை. எழுந்துபோய் நாப்கின் பாக்கெட்டை எடுத்துவந்து, அட்டையை வெளியே எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"என்னது இது?"

"வலிப்பு மாத்திரை. என்னோடது."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். முந்தாநாள் வந்தது மயக்கம் இல்லை என்றும் சொன்னேன். ஈறுக்காக நானே நிறுத்தினேன் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கதை மாதிரி இருந்தது. யாரோ ஒரு முட்டாள் பெண்ணின் கதை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை தெரிஞ்சிட்டு."

"அப்ப எனக்குத்தான் கடைசியா." பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார். "நோய மறைச்சது சரி, பயந்திருப்ப. மாத்திரைய நிறுத்திட்டு எங்க அம்மாவ வண்டில ஏத்தினியே கோமதி. நானும் பின்னால உக்காந்து வந்தேனே. ஆத்துப் பாலத்துல."

அத்தை வந்து நின்றார். தான்தான் வண்டியில் போகலாம் என்று பிடிவாதம் பிடித்ததாகச் சொன்னார். இவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் ஷோரூமுக்குப் போனார்.

மாத்திரை போட்டேன். முழுசு. கூடத்தில் உட்கார்ந்து, அத்தைக்கு முன்னால்.

ஜூலை 13, திங்கள்

அம்மாவிடம் சொன்னேன். கெடுத்துட்டியே என்று போனை வைத்துவிட்டாள்.

இவர் பேசவில்லை. நான் சாப்பிடும் நேரம் மாத்திரை போட்டேனா என்று அத்தையிடம் கேட்கிறார். என்னிடம் கேட்கவில்லை.

ஜூலை 15, புதன்

டாக்டர் ஷெர்லினிடம் அத்தைதான் கூட வந்தார். உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் அன்னைக்கு உங்களத் தனியா வச்சுக் கேட்டிருக்கணும்," என்றார்.

ஈறு வற்றியது மாத்திரையை நிறுத்தியதால் இருக்காதாம். அந்தத் தடிப்பு இறங்க மாதக்கணக்கில் ஆகுமாம். நான் விழுந்து விழுந்து சுத்தம் செய்ததில் புண்ணும் வீக்கமும் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். உப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் செய்த வேலைக்காக நான் மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன்.

நாக்குக் காயத்துக்குக் களிம்பு கொடுத்தார். இப்போதைக்கு முறுக்க வேண்டாம், மதுரை டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு ஈறைச் சுத்தம் செய்து தொடரலாம் என்றார். கம்பியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டேன். "உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?" என்று திருப்பிக் கேட்டார். வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

ஜூலை 18, சனி

மதுரை போய் வந்தோம். இவர்தான் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார். நேற்றுச் சாயங்காலம் மேஜைமேல் இரண்டு பஸ் டிக்கெட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

மதுரை டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். திடீரென்று நிறுத்தியதில் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்து உயிரே போயிருக்கலாம் என்றார். ஈறை வளர்க்காத வேறு மாத்திரை இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாற்றியிருப்பேன் என்றார். ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இன்னொன்றைக் கூட்ட வேண்டும். வண்டி, நான் சொல்லும் வரை கிடையாது. வலிப்பு வரும்போது கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள் என்று இவரிடம் சொன்னார். இவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். எந்தப் பக்கமாக ஒருக்களிக்க வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

திரும்பும்போது சாத்தூருக்கு முன்னால் ஒரு ஹோட்டலில் பஸ் நின்றது. எல்லோரும் பரோட்டாவுக்கு இறங்கினார்கள். இவர் எனக்குப் பால் வாங்கி, ஆற்றி, கொண்டுவந்து கொடுத்தார். தனக்கு ஒன்றும் வாங்கவில்லை. பஸ்ஸில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"கோவம் போகல," என்றார். "எப்பப் போகும்னு தெரியல. போயிட்டுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

சரி என்றேன்.

பிறகு கேட்டார். "அது வரும்போது ஒனக்கு எப்படி இருக்கும்?"

நான் பால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர்கள் எத்தனை தடவை வந்தது என்று கேட்பார்கள். அம்மா, யாராவது பார்த்தார்களா என்று கேட்பாள். இவர் கேட்டதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

முதலில் சத்தமெல்லாம் தூரமாகப் போய்விடும் என்றேன். அது சரியில்லை என்று தோன்றியது. தூரம் போவது சத்தமில்லை, நான்தான் என்று மாற்றிச் சொன்னேன். கருகல் வாசத்தைச் சொன்னேன். விழித்ததும் சுற்றி நிற்பவர்களின் முகத்தில் என்னைப் பார்க்கும்போது வரும் கூச்சத்தைச் சொன்னேன். அது வலிப்பைவிடப் பெரிசு என்றேன். பிரேயரில் விழுந்த அன்று யூனிஃபார்ம் நனைந்துபோனதையும் சொன்னேன். அது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லும்போது கம்பி கன்னத்தில் உரசியது. வாய் ஓயவில்லை.

ஆட்கள் ஏறி, பஸ் கிளம்பியது. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுத் தெரு திரும்பும் இடத்தைத் தாண்டினோம். நான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார். என் பக்கம் திரும்பவும் இல்லை. கயத்தாறு வந்தபோது எனக்குத் தொண்டை வறண்டு நிறுத்தினேன்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"இன்னும் சொல்லு," என்றார்.